ஜிங்கோ மரம் வளர்க்க: கன்று வாங்குவதிலிருந்து இலை கொட்டும் நாள் வரை

தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று ஊரில் சொல்வார்கள். ஜிங்கோவுக்குச் சீனர்கள் வைத்திருக்கும் பெயர்களில் ஒன்றும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. தாத்தா பேரன் மரம் என்று அதற்குப் பொருள். தாத்தா நட்டால் பேரன் கொட்டை பொறுக்குவான்.

நியூஜெர்சியில் வீடு வாங்கிய முதல் வருஷம், நவம்பர் மாதத்தில், பக்கத்துத் தெருவில் ஒரு மரம் உச்சி முதல் அடி வரை ஒரே மஞ்சளாக நின்றது. ஒரு பச்சை இலை இல்லை, ஒரு காய்ந்த இலை இல்லை. மஞ்சள் கிழங்கை உரைத்துப் பூசிய மாதிரி இருந்தது. பத்து நிமிஷம் அங்கேயே நின்று பார்த்தேன். அடுத்த இலையுதிர்காலத்தில் என் வீட்டிலும் ஒன்று நட்டுவிட்டேன். இப்போது ஒன்பது வருஷம் ஆகிறது. அதில் முதல் மூன்று வருஷம் நட்ட விதத்தில் நடந்த தவறால் வீணாகப் போனது. புதிதாக நட நினைப்பவர்களுக்கு அந்த மூன்று வருஷமாவது மிச்சமாகட்டும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் ஜிங்கோ என்று எழுதுகிறோம், இங்குள்ள நர்சரியில் கிங்கோ என்று கேட்டால்தான் புரியும். ஜப்பானில் இருந்த எங்கல்பெர்ட் கேம்ஃபர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1712இல் வெளியிட்ட நூலில் ‘கின்க்யோ’ என்பதை எழுத்து மாற்றி எழுதிவிட்டார், அதுவே நிலைத்துவிட்டது என்பார்கள். இந்த மரத்தின் உறவு மரங்கள் எல்லாம் டைனோசர் காலத்திலிருந்து ஒவ்வொன்றாக அழிந்துபோக, இந்த ஒரே ஓர் இனம்தான் மிஞ்சியிருக்கிறது. தானாக வளர்ந்த கூட்டமாக அதைச் சீனாவின் சில மலைப் பகுதிகளில்தான் பார்க்க முடியும். மற்ற இடங்களில் எல்லாம் மனிதர்கள் நட்டு வளர்த்ததுதான்.

இதற்கு “எதையும் தாங்கும் மரம்” என்று ஒரு பெயர் இருக்கிறது. அது பொய்யில்லை. ஹிரோஷிமாவில் 1945இல் குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 1,130 மீட்டர் தூரத்தில், ஹோசென்போ என்ற கோயிலில் ஒரு ஜிங்கோ நின்றது. கோயில் போய்விட்டது, மரம் மறுபடியும் துளிர்த்தது. பிறகு கோயிலைத் திரும்பக் கட்டியபோது, மரத்தை வெட்டாமல் அதைச் சுற்றி வளைத்துப் படிக்கட்டு அமைத்தார்கள். நகரத்துப் புகை, காங்கிரீட் சூடு, பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு எல்லாவற்றையும் வளர்ந்த மரம் ஓரளவு சமாளித்துவிடும். ஆனால் இதெல்லாம் வேர் பிடித்த மரத்துக்குத்தான். புதிதாக நட்ட கன்று கைக்குழந்தை. முதல் மூன்று வருஷம் அதை நாம் தாங்க வேண்டும், அப்புறம்தான் அது எதையும் தாங்கும்.

உங்கள் ஊருக்கு ஒத்துவருமா?

குளிர்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்குகிற மரம் இது. அந்தத் தூக்கம் அதற்குக் கட்டாயம் வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி செல்சியஸ் வரை போனாலும் தாங்கிவிடும். வட அமெரிக்காவின் பெரும்பகுதி, இங்கிலாந்து, ஐரோப்பா, ஜப்பான், கொரியா, ஆஸ்திரேலியாவின் குளிரான தென்பகுதி எல்லாம் இதற்குப் பொருத்தமான இடங்கள்.

சென்னையிலும் மதுரையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் கேட்கும்போது நான் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். குளிர் இல்லாத இடத்தில் கன்று சில காலம் இருக்கும், அப்புறம் நலிந்துபோகும். நீலகிரி போல உயரமான மலைப் பகுதியில் இருப்பவர்கள் முயன்று பார்க்கலாம்.

ஆணா, பெண்ணா: வாங்கும் முன் முடிவு செய்யுங்கள்

பனையைப் போல ஜிங்கோவிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பனையைப் போலவே கன்றைப் பார்த்து இன்னது என்று சொல்லவும் முடியாது. விதையிலிருந்து வந்த மரம் தன்னைக் காட்டிக்கொள்ள 20, 30 வருஷம்கூட ஆகலாம்.

இது ஏன் முக்கியம் என்றால், பெண் மரத்தின் விதையைச் சுற்றி மஞ்சள் நிறத்தில் ஒரு சதை இருக்கும். பார்க்கச் சின்ன மஞ்சள் பிளம் பழம் மாதிரி அழகாகத்தான் இருக்கும். கீழே விழுந்து நசுங்கியதும் கெட்டுப்போன வெண்ணெயும் வாந்தியும் கலந்த மாதிரி நாறும். கெட்ட வெண்ணெயில் இருக்கும் அதே பியூட்டிரிக் அமிலம் இதிலும் இருப்பதால்தான் அந்த நாற்றம். வாசலில் நட்டு, இருபது வருஷம் வளர்த்து, அது பெண் என்று தெரிந்தால் அப்போது வெட்டவும் மனம் வராது, வைத்திருக்கவும் முடியாது.

அதனால் நர்சரிகளில் ஆண் மரத்திலிருந்து கிளை எடுத்து ஒட்டுக்கட்டிய கன்றுகளை விற்கிறார்கள். அவற்றுக்கு ரகப் பெயர் இருக்கும். இடம் அகலமாக இருந்தால் ‘ஆட்டம் கோல்ட்’ என்ற ரகத்தைத்தான் சொல்வேன், கிளை நன்றாக விரிந்து மஞ்சள் நிறமும் திடமாக வரும். வீட்டுக்கும் வேலிக்கும் நடுவில் கொஞ்ச இடம்தான் என்றால் ‘பிரின்ஸ்டன் சென்ட்ரி’. அது எங்கள் நியூஜெர்சி ரகம், தூண் மாதிரி நேராக மேலே போகும். மரமாகவே வேண்டாம், புதர் உயரத்தில் போதும் என்பவர்களுக்கு ‘மாரிக்கன்’ என்ற குட்டை ரகம் இருக்கிறது. சீட்டில் வெறும் ‘ஜிங்கோ பைலோபா’ என்ற தாவரவியல் பெயர் மட்டும் இருந்தால் அது விதைக் கன்று. விலை குறைவாக இருக்கும். ஆணாக இருக்கப் பாதி வாய்ப்பு, பெண்ணாக இருக்கப் பாதி வாய்ப்பு. கடைக்காரர் வாயால் சொல்வதை நம்பாதீர்கள், சீட்டைப் படியுங்கள்.

இடம் நிறைய இருக்கிறது, கொட்டையும் வேண்டும் என்பவர்கள் வீட்டை விட்டு நன்றாகத் தள்ளிப் பெண் மரம் வைக்கலாம். அதில் தப்பே இல்லை. டோக்கியோவின் கொய்ஷிகாவா தாவரவியல் பூங்காவில் ஒரு பெண் ஜிங்கோ இன்றும் நிற்கிறது. 1896இல் ஹிராசே சாகுகோரோ என்பவர் அந்த மரத்தின் விதைகளை ஆராய்ந்தபோதுதான், ஜிங்கோவின் ஆணணு நீந்திப் போய்க் கருமுட்டையைச் சேர்கிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது. விதை வைக்கும் மரங்களில் அப்படி ஒன்று இருக்கும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது.

கன்றைப் பார்த்து வாங்குவது

நாலு அடியிலிருந்து ஆறு அடி வரை உள்ள கன்று போதும். பெரிய கன்று வாங்கினால் பெரிய மரம் சீக்கிரம் கிடைக்கும் என்று நினைக்கிறோம். பெரிய கன்றைத் தோண்டி எடுக்கும்போது நிறைய வேர் அறுபட்டுப்போகும், அது தேறி வருவதற்குள் சின்னக் கன்று அதை எட்டிப் பிடித்துவிடும்.

ஜிங்கோ கன்று பார்க்க அழகாகவே இருக்காது. ஒரு குச்சி, அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு கிளை. இதைப் பார்த்து நோஞ்சான் என்று ஒதுக்க வேண்டாம், இளவயதில் அதன் உடம்புவாகே அப்படி. பார்க்க வேண்டியவை வேறு. நடுத்தண்டு ஒன்றாக இருக்கிறதா, தலைக்குருத்து முறியாமல் இருக்கிறதா, பட்டையில் காயம் உண்டா என்று பாருங்கள். தொட்டியின் அடி ஓட்டை வழியாகத் தடித்த வேர் வெளியே வந்திருந்தால் அந்தக் கன்று வெகுநாளாகத் தொட்டியிலேயே இருக்கிறது என்று அர்த்தம், வேறு எடுங்கள்.

இடம்

நல்ல வெயில் வேண்டும், ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது. மண்ணைப் பற்றி இது அதிகம் அலட்டிக்கொள்ளாது. கொஞ்சம் புளிப்பான மண், கொஞ்சம் சுண்ணாம்பு மண், சரளை, களி எதிலும் வரும். ஒரே ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காது: தண்ணீர் தேங்கக் கூடாது.

தேங்குமா என்று பார்க்க ஒரு அடி ஆழத்துக்குக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் இன்னொரு முறை நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஒரு அங்குலமாவது இறங்கினால் சரி. மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அந்த இடம் வேண்டாம், மேடான இடம் தேடுங்கள்.

சாதாரண ரகம் 50 அடிக்கு மேல் போகும், அகலமும் 30 அடி, 40 அடி ஆகும். வீட்டுச் சுவரிலிருந்து 15, 20 அடியாவது தள்ளுங்கள். தலைக்கு மேலே மின்கம்பி இருக்கக் கூடாது. தோண்டுவதற்கு முன்னால் பூமிக்கு அடியில் போகும் எரிவாயுக் குழாய், மின்சாரம், கேபிள் ஆகியவற்றைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 811க்கு ஒரு போன் போட்டால் போதும், காசு கிடையாது, சில நாளில் ஆள் வந்து வண்ணக் கோடு போட்டுவிட்டுப் போவார். இதைத் தவிர்க்கவே கூடாது.

நடுவது: இங்கேதான் நான் கோட்டை விட்டேன்

மார்ச் கடைசியிலிருந்து மொட்டு விரிவதற்குள், அல்லது இலை உதிரும் அக்டோபரிலிருந்து மண் உறைவதற்குள். இந்த இரண்டு பருவமும் நல்லது. கோடையில் வேண்டாம்.

என் கன்று சாக்குத்துணி சுற்றி, கம்பிக்கூடை போட்டு, மண்ணோடு வந்தது. நர்சரி ஆட்களே வந்து குழி வெட்டி நட்டுக் கொடுத்தார்கள். வேர்ப்பந்தின் மேல்மட்டமும் புல்தரையும் சரியாக இருந்தன. எல்லாம் ஒழுங்காக நடந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த வசந்தத்தில் இலை விட்டது, வளரவில்லை. முதல் வருஷம் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். இரண்டாம் வருஷமும் வளரவில்லை. மூன்றாம் வருஷம் ஜூலையிலேயே இலை ஓரம் பழுப்பாகி, தலைக்குருத்து அரை அங்குலம்கூட நகரவில்லை.

ஒருநாள் மரத்தின் அடியில் உட்கார்ந்து பார்த்தபோது ஒன்று உறுத்தியது. நன்றாக இருக்கிற எந்த மரத்துக்கும் தூர் கொஞ்சம் விரிந்திருக்கும், யானைக்கால் மாதிரி அகன்று மண்ணுக்குள் இறங்கும். என் மரம் கரண்டுக் கம்பம் நட்ட மாதிரி நேராக மண்ணுக்குள் போனது. கைக்கரண்டியால் மெதுவாகத் தோண்டினேன். ஓர் அங்குலம், இரண்டு, மூன்று. நாலாவது அங்குலத்தில்தான் தூர் தட்டுப்பட்டது. அதற்கு மேலே சுண்டு விரல் தடிமனில் ஒரு வேர் தண்டைச் சுற்றி, அரைஞாண் கயிறு மாதிரி இறுகியிருந்தது. அது பட்ட இடத்தில் பட்டை உள்ளே அமுங்கிப் பள்ளமாகக் கிடந்தது. பண்ணையில் வளரும்போதே தூருக்கு மேல் மண் ஏறியிருக்கிறது. அதைப் பார்க்காமல் அப்படியே நட்டுவிட்டார்கள், நானும் பார்க்கவில்லை.

அந்த வேரை அறுத்து எடுத்தேன். தூர் தெரியும்வரை சுற்றிலும் மண்ணை வழித்து, அகலமான தட்டு மாதிரி சரிவு செய்துவிட்டேன். அடுத்த வருஷம் எட்டு அங்குலம் வளர்ந்தது. அதற்கடுத்த வருஷம் ஒரு அடிக்கு மேல்.

அதனால் குழி வெட்டும் முன்பே தூரைக் கண்டுபிடியுங்கள். தொட்டிக் கன்றோ சாக்குக் கன்றோ, மேல் மண்ணை விரலால் விலக்கிக்கொண்டே போனால் தண்டு விரிந்து முதல் பெரிய வேர் கிளம்பும் இடம் வரும். அதுதான் தரைமட்டத்தில் இருக்க வேண்டும். ஒட்டுக்கன்றாக இருந்தால் தண்டில் ஒரு முடிச்சு மாதிரி ஒட்டு தெரியும், அதைத் தூர் என்று நினைத்துவிட வேண்டாம், ஒட்டு தரைக்கு மேலேதான் இருக்க வேண்டும்.

தூரிலிருந்து வேர்ப்பந்தின் அடிவரை அளந்து, அந்த ஆழத்துக்கு மட்டும் குழி வெட்டுங்கள். ஆழம் கூடக் கூடாது, அகலம் எவ்வளவு கூடினாலும் நல்லது. வேர்ப்பந்தின் அகலத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு எடுங்கள். களிமண்ணில் கடப்பாரை போட்டால் குழியின் சுவர் மொழுக்கென்று ஆகிவிடும், அதை மண்வெட்டி நுனியால் கீறிவிட்டால்தான் வேர் வெளியே போகும். தொட்டிக் கன்றில் வட்டமாகச் சுற்றியிருக்கும் வேர்களைப் பிரித்துவிடுங்கள், பிரியாவிட்டால் கத்தியால் மேலிருந்து கீழாக மூன்று நாலு இடத்தில் கீறுங்கள். பாவம் பார்க்க வேண்டாம். சாக்குக் கன்றைக் குழிக்குள் இறக்கிய பின் மேல் பாதிச் சாக்கையும் கம்பியையும் வெட்டி எடுத்துவிடுங்கள்.

ஊரில் மாங்கன்று வைக்கும்போது குழி நிறையத் தொழு உரமும் வேப்பம் பிண்ணாக்கும் போட்டுப் பழகியவர்கள் நாம். இங்கே அது வேண்டாம். குழிக்குள் மட்டும் சத்தான மண் இருந்தால் வேர் அதைவிட்டு வெளியே போக மனமில்லாமல் உள்ளேயே சுற்றும். தோண்டிய மண்ணையே திருப்பிப் போடுங்கள். பாதி நிரம்பியதும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் காற்றுப் பொந்துகள் அடங்கியதும் மீதியைப் போடுங்கள். காலால் மிதித்து இறுக்கக் கூடாது.

காற்றடிக்கிற இடமாக இருந்தால் மட்டும் முட்டுக்கொம்பு. அதையும் இறுக்கிக் கட்டாமல், தண்டு கொஞ்சம் ஆடுகிற மாதிரி அகலமான ரப்பர் பட்டையால் கட்டுங்கள். ஆடினால்தான் தண்டு தடிக்கும். ஒரு வருஷம் ஆனதும் அவிழ்த்துவிடுங்கள்.

முதல் மூன்று வருஷம்

தண்ணீர்தான் முதல் வேலை. மழை இல்லாத வாரங்களில், ஒரு அங்குலத் தடிமன் உள்ள கன்றுக்கு வாரத்துக்குச் சுமார் 10 காலன், அதாவது 38 லிட்டர். ஹோஸை எடுத்து ஐந்து நிமிஷம் பீய்ச்சினால் மேல் மண் மட்டும்தான் நனையும். தென்னங்கன்றுக்கு ஓட்டைப் பானை வைத்துச் சொட்டுச் சொட்டாக இறக்குவார்களே, அதையேதான் நான் செய்தேன். 5 காலன் பிளாஸ்டிக் வாளியின் அடியில் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டு, தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி வைத்து நிரப்பிவிடுவேன். ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும். புதன்கிழமை ஒரு வாளி, ஞாயிற்றுக்கிழமை ஒரு வாளி, ஒவ்வொரு முறையும் வேறு பக்கம். விரலை இரண்டு மூன்று அங்குலம் மண்ணில் விட்டுப் பார்க்கும்போது இன்னும் ஈரமாக இருந்தால் அன்று விட்டுவிடலாம். இரண்டாம் வருஷம் வாரம் ஒரு தடவை, மூன்றாம் வருஷம் வறட்சியில் மட்டும். அதற்கு மேல் அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.

மூடாக்கு போடுங்கள். மரச்சீவல் இரண்டு மூன்று அங்குல உயரம், மூன்று அடி வட்டத்துக்கு. தண்டிலிருந்து ஒரு கையகலம் இடம் விட வேண்டும். இங்கே பல வீடுகளில் எரிமலை மாதிரி தண்டின் மேல் குவித்து வைத்திருப்பார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் இறங்கிப் போய்த் தள்ளிவிடத் தோன்றும். பட்டை எப்போதும் ஈரமாக இருந்தால் அழுகும், தூர் மண்ணுக்குள் புதைந்த கதைதான் அங்கேயும் நடக்கும். மூடாக்கு இருந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. புல்வெட்டும் எந்திரம் தண்டுக்குப் பக்கத்தில் வராது. சின்ன மரங்களைக் கொல்வதில் பூச்சிக்கு இல்லாத பங்கு அந்த எந்திரத்தின் நைலான் கயிற்றுக்கு உண்டு.

உரம் முதல் வருஷம் தேவையில்லை. அப்புறமும் மூடாக்கு மக்கி இறங்குவதே போதும்.

குளிர்காலத்தில் முயல் பட்டையைக் கடிக்கும், இலையுதிர்காலத்தில் ஆண் மான் கொம்பைத் தேய்க்கும். அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையைத் தண்டைச் சுற்றி, தொடாமல், உருளையாக வையுங்கள். முயலுக்கு இரண்டு அடி போதும், ஆனால் பனி இரண்டு அடி கொட்டிவிட்டால் முயல் அதன் மேல் நின்று கடிக்கும், அதனால் மூன்று அடியாக வைப்பது நல்லது. மான் வரும் இடத்தில் ஐந்து அடி வேண்டும்.

பூச்சி, நோய் பற்றி எழுத அதிகம் இல்லை. ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட மருந்து அடிக்கவில்லை. ஜிங்கோ அந்த விஷயத்தில் நிம்மதியான மரம். இலை ஓரம் ஜூலையில் பழுப்பானால் தண்ணீர் போதவில்லை, அல்லது பக்கத்துச் சுவரோ தார்ச்சாலையோ சூட்டைத் திருப்பி அடிக்கிறது. கோடை நடுவில் இலை முழுக்க வெளிறி மஞ்சளானால் வேரடியில் தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள். ஏப்ரலில் துளிர்விட்ட பிறகு உறைபனி அடித்து இளம் இலையெல்லாம் கருகிவிட்டால் பயப்பட வேண்டாம், சில வாரத்தில் மறுபடியும் துளிர்க்கும்.

கன்று வளராமல் நிற்கிறதே என்று தோன்றும்போது ஒரு கிளையை எடுத்து உற்றுப் பாருங்கள். அரை அங்குல நீளத்தில் மொட்டைக் கட்டை மாதிரி குட்டிக் குட்டிக் கிளைகள் இருக்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் நாலைந்து இலை கொத்தாகக் கிளம்பும். அந்தக் குட்டிக் கிளை வருஷத்துக்கு மயிரிழைதான் நீளும், போன வருஷ இலைத் தழும்புகள் வளையம் வளையமாக அதன் மேல் இருக்கும். நீளமாக ஓடும் புதுக் கிளையில் இலை ஒன்றொன்றாக, நடுவில் ஆழமாகப் பிளந்து இருக்கும். கொத்து இலைகளில் பிளவு லேசாக, பனையோலை விசிறி மாதிரி. ஒரே மரத்தில் இரண்டு விதமான இலையைப் பார்த்துவிட்டு நோய் என்று நினைக்காதீர்கள். விசிறி இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நரம்பு இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் இன்னும் இரண்டாகப் பிரிந்து ஓரம்வரை போவது தெரியும். நடு நரம்பு என்று ஒன்றே கிடையாது.

கவாத்து

குறைவாகச் செய்யுங்கள். பிப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ, துளிர்ப்பதற்கு முன். தலைக்குருத்தை வெட்டக் கூடாது. இரண்டு தலை போட்டிபோட்டு எழுந்தால் பலவீனமான ஒன்றை எடுத்துவிடுங்கள். உரசும் கிளை, காய்ந்த கிளை போக வேண்டும். மொட்டையாக இருக்கிறதே, நுனியைக் கிள்ளினால் அடர்த்தியாகுமே என்று முருங்கையை வெட்டுவது போல வெட்டிவிடாதீர்கள். பதினைந்து, இருபது வருஷத்தில் தானாக நிரம்பும்.

ஒட்டுக்கன்றில் ஒன்று கவனிக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழேயிருந்து கிளம்பும் கிளைகள் அடிக்கன்றுக்குச் சொந்தமானவை, அவை பெண்ணாக இருக்கலாம். கண்டவுடன் கிள்ளிவிடுங்கள்.

விதையிலிருந்து வளர்க்க

ஆண் பெண் பற்றிக் கவலையில்லை, பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு விதை முளைப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் இது அருமையான வேலை. அக்டோபர், நவம்பரில் பெண் மரத்தடியில் விதை கிடக்கும். கட்டாயம் கையுறை போடுங்கள். முந்திரிக்கொட்டை ஓட்டின் பால் பட்டால் தோல் வெந்துபோகும் அல்லவா, அதற்குக் காரணமான அமிலத்தின் உறவுக்கார அமிலம்தான் இந்தச் சதையிலும் இருக்கிறது. சிலருக்குக் கை முழுக்கக் கொப்பளித்துவிடும். தோட்டத்தில் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுச் சதையைக் கசக்கி எடுத்தால் உள்ளே பிஸ்தா மாதிரி வெளுத்த ஓட்டோடு கொட்டை வரும். தண்ணீரில் மிதப்பது பொக்கு, எறிந்துவிடுங்கள்.

கீழே விழும்போது உள்ளே இருக்கும் முளை இன்னும் முழுசாக வளர்ந்திருக்காது. அதனால் ஈர மணலில் கலந்து, மூடிபோட்ட டப்பாவில் ஒரு மாதம் அல்லது இரண்டு மாதம் வீட்டுச் சூட்டில் வையுங்கள். அப்புறம் அப்படியே ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று மாதம். மணல் பிழிந்த துணி அளவுக்கு ஈரமாக இருக்க வேண்டும், சொதசொதவென்று கூடாது. ஏப்ரலில் தொட்டியில் ஒரு அங்குல ஆழத்தில் ஊன்றினால் ஒன்றிரண்டு மாதத்தில் முளைக்கும். முதல் வருஷம் ஒரு சாண் வளர்ந்தால் அதிகம்.

சீனக் கடைகளில் விற்கும் ஓடு உரிக்காத பச்சைக் கொட்டையும் சில சமயம் முளைக்கும். வேகவைத்துப் பொட்டலம் போட்டது முளைக்காது.

தொட்டியிலேயே வளர்ப்பவர்கள் குளிர்காலத்தை மட்டும் கவனியுங்கள். கிளை தாங்கும் குளிரைத் தொட்டிக்குள் இருக்கும் வேர் தாங்காது. இலை உதிர்ந்ததும் சூடு போடாத கராஜுக்குள் தள்ளி வைத்து, மாதம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் காட்டுங்கள். வெளிச்சம் தேவையில்லை. வீட்டுக்குள் சூட்டில் வைக்கவே கூடாது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, துளிர்க்கும் முன், தொட்டி மாற்றலாம்.

கொட்டையும் இலையும் சாப்பிட

சீனாவிலும் ஜப்பானிலும் கொட்டையை வேகவைத்தோ வறுத்தோ சாப்பிடுவார்கள், அதுவும் ஒரு நேரத்துக்கு நாலைந்துதான். ஜப்பானில் சாவான்முஷி என்று ஆவியில் வேகவைக்கும் முட்டைக் கிண்ணத்தின் அடியில் ஒன்றிரண்டு போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கில் காரணம் இருக்கிறது. இந்தக் கொட்டையில் வைட்டமின் பி6ஐ வேலை செய்ய விடாமல் தடுக்கும் ஒரு நச்சு உண்டு. வேகவைத்தாலும் அது முழுக்கப் போகாது. நிறையத் தின்றால் வலிப்பு வரும், சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம். பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம் என்பதுதான் என் முடிவு.

ஞாபக சக்திக்கு நல்லது என்று கேள்விப்பட்டு, வீட்டு மரத்து இலையைக் கஷாயம் வைக்க நினைப்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். கடையில் மாத்திரையாக வருவது, தோலைப் புண்ணாக்கும் அந்த அமிலத்தைப் பெரும்பாலும் நீக்கிய சாறு. பச்சை இலையில் அது அப்படியே இருக்கும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் அந்த மாத்திரையைக்கூட டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

இலை கொட்டும் நாள்

பிலடெல்பியாவில் பார்ட்ரம் தோட்டம் என்று ஒன்று இருக்கிறது, எங்கள் ஊரிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். அமெரிக்காவுக்கு 1785 வாக்கில் வந்த மூன்று ஜிங்கோக்களில் ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது, வட அமெரிக்காவிலேயே பழையது என்று கருதப்படுவது. உங்கள் கன்று என்னவாகும் என்று தெரிய வேண்டுமானால் அதைப் போய்ப் பாருங்கள், நவம்பர் முதல் பாதியில் போங்கள்.

மற்ற மரங்கள் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கும். ஜிங்கோவின் எல்லா இலைக் காம்பிலும் துண்டிக்கும் அடுக்கு ஏறக்குறைய ஒரே சமயத்தில் தயாராகிவிடும், முதல் கடும் உறைபனி இரவு வந்ததும் மறுநாள் காலை மொத்தமாகக் கொட்டிவிடும். போன வருஷம் காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்தபோது காற்றே இல்லை. வெயில் மரத்தின் மேல் பட்டதும், நெல் புடைக்கிற மாதிரி ஒரு சத்தம், இலை கொட்டத் தொடங்கியது. ஒன்பது மணிக்குள் மரம் மொட்டை, தரை மஞ்சள் பாய்.

இரண்டு நாள் அப்படியே விட்டுவைக்கலாம், மழை வருவதற்குள் நடைபாதையில் கிடப்பதை மட்டும் அள்ளிவிடுங்கள், நனைந்தால் எண்ணெய் கொட்டின மாதிரி வழுக்கும். இந்த இலை கெட்டி, முழுசாகப் போட்டால் மக்கவே நாளாகும். புல்வெட்டும் எந்திரத்தை அதன் மேல் இரண்டு தடவை ஓட்டித் தூளாக்கி, வசந்தத்தில் மரத்தடியிலேயே மூடாக்காகப் போட்டுவிடுங்கள். தூரிலிருந்து ஒரு கையகலம் தள்ளித்தான்.